ரேஞ்ச் எவ்வளவு எடுக்கும்?

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ராஜகுளம் போன்ற ஊர்களில் கிணற்று மோட்டாருக்கான ரிமோட் ஸ்டார்ட்டரைக் கையில் எடுத்தவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, இது எவ்ளோ தூரம் எடுக்கும்?" கடைக்காரர் அட்டைப்பெட்டியைத் திருப்பிக் காட்டுவார். 1 கிலோமீட்டர் என்றோ 3 கிலோமீட்டர் என்றோ அதில் அச்சிட்டிருக்கும். வீட்டுக்கும் கழனிக் கிணற்றுக்கும் நடுவில் அரைக் கிலோமீட்டர்கூட இல்லையே என்று நம்பி வாங்கிவந்து மாட்டுவார்கள். திண்ணையில் நின்று அழுத்தினால் எடுக்காது. மாடிக்கு ஏறி அழுத்தினால் எடுக்கும். நடவு முடிந்த கையோடு நன்றாக எடுத்தது, பக்கத்து நிலத்துக் கரும்பு ஆளுயரம் வளர்ந்ததும் எடுக்காமல் போகும்.

பெட்டியில் போட்டிருந்த தூரம் பொய் என்று சொல்லிவிட முடியாது. மரமோ கட்டடமோ குறுக்கே நிற்காத வெட்டவெளியில், ஒரு முனையிலிருந்து மறுமுனை கண்ணுக்குத் தெரியும்படி வைத்து அளந்த தூரம் அது. காஞ்சிபுரம் மாவட்டத்து ஏரிப்பாசன நிலம் அப்படிப்பட்டது அல்ல. ஏரிக்கரை ஒரு மண் சுவராக நிற்கும். கரைமேல் பனை வரிசை. அதைத் தாண்டினால் தென்னந்தோப்பு, வைக்கோல் போர், மோட்டார் கொட்டகையின் தகரக் கூரை. இவ்வளவையும் கடந்து போக வேண்டிய அலைக்குப் பின்னால் இருக்கும் திறனோ 10 மில்லிவாட். ஒரு டார்ச் பல்பு எரியத் தேவையான மின்சாரத்தில் இது மிகச் சிறிய பங்கு.

அந்த 10 மில்லிவாட்டை வைத்துக்கொண்டே எட்டும் தூரத்தை மூன்று மடங்கு கூட்ட முடியும். அதற்குப் புதுப் பெட்டி தேவையில்லை, ஒரு கம்பமும் கொஞ்சம் ஒயரும் போதும்.

கணக்கு எளிது. டிரான்ஸ்மிட்டர் அனுப்பும் திறன் ஒரு முனை. ரிசீவர் புரிந்துகொள்ளத் தேவையான மிகக் குறைந்த திறன் மறுமுனை. நடுவில் வழியில் தொலைவது எவ்வளவு என்பதுதான் தூரத்தைத் தீர்மானிக்கிறது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மூன்றையும் டெசிபலில் சொல்வார்கள். 3 டெசிபல் கூடினால் திறன் இரண்டு மடங்கு, 10 டெசிபல் கூடினால் பத்து மடங்கு. 433 மெகாஹெர்ட்ஸ் அலை வெட்டவெளியில் ஒரு கிலோமீட்டர் போனால் 85 டெசிபல் தொலையும். அதே தூரத்தில் 866 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு 91, வைஃபை ஓடும் 2,400 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு 100. ஒரே அளவு திறனுக்குத் தாழ்ந்த அலைவரிசை அதிக தூரம் எடுப்பது இதனால்தான்.

ரிசீவரின் காது எவ்வளவு கூர்மை என்பதைப் பலர் கேட்பதே இல்லை. விலை மலிவான 433 மாட்யூல்களில் இரண்டு ரகம் உண்டு. சூப்பர்ரீஜெனரேட்டிவ் என்ற பழைய வகை ரிசீவர் விலை மிகக் குறைவு, ஆனால் சுற்றிலும் இருக்கும் இரைச்சலையெல்லாம் சேர்த்து வாங்கும். சூப்பர்ஹெட் வகை கொஞ்சம் விலை கூடுதல். தன் அலைவரிசையை மட்டும் வடிகட்டிக் கேட்பதால் அதே டிரான்ஸ்மிட்டருக்கு நிச்சயமாக அதிக தூரம் தரும். கையில் இருக்கும் பணத்தை எங்கே போடுவது என்று யோசிப்பவர் முதலில் ரிசீவரில் போடலாம்.

அடுத்தது உயரம். 2019-ஆம் ஆண்டு ஸ்பெயினில் ஒரு பலூனில் ஏற்றி விட்ட, லோரா என்ற மெதுவான ரேடியோ முறையில் இயங்கும் சிறிய டிரான்ஸ்மிட்டரின் செய்தி 766 கிலோமீட்டருக்கு அப்பால் தரையில் இருந்த ரிசீவருக்குக் கிடைத்தது. அது அனுப்பிய திறன் 25 மில்லிவாட். ராஜகுளத்திலிருந்து கன்னியாகுமரியைத் தாண்டிக் கடலுக்குள் போய்விடும் தூரம் அது. அதே 25 மில்லிவாட் கருவி தோப்புக்குள் சில நூறு மீட்டரில் திணறலாம். பலூனுக்கும் தோப்புக்கும் உள்ள வேறுபாடு உயரம்தான். பலூன் பல கிலோமீட்டர் உயரத்தில் மிதந்தது, அதற்கும் ரிசீவருக்கும் நடுவில் எதுவும் இல்லை.

தரையை ஒட்டிப் போகும் அலை வேறு விதமாக நடந்துகொள்ளும். ஒரு பங்கு நேராகப் போகும், இன்னொரு பங்கு தரையில் பட்டுத் தெறித்துப் பின்னாலேயே வரும். இரண்டும் ரிசீவரில் சேரும்போது ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பானால் திறன் நான்கில் ஒரு பங்காகும். தரையை ஒட்டினால் பதினாறில் ஒரு பங்காகிவிடும். இதையே திருப்பிச் சொன்னால், திறனைக் கூட்டித் தூரத்தை இரட்டிப்பாக்க நினைப்பவர் பதினாறு மடங்கு திறன் போட வேண்டும். ஆனால் ஆன்டெனாவின் உயரத்தை இரு முனையிலும் இரட்டிப்பாக்கினால் தூரம் அப்படியே இரட்டிப்பாகும்.

ஓர் எடுத்துக்காட்டு. 10 மில்லிவாட் 433 டிரான்ஸ்மிட்டர், சுமாரான ரிசீவர், மரம் மட்டைக்கு என்று ஒதுக்கிவைத்த 20 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். கையில் பிடித்த ரிமோட்டும் கொட்டகைச் சுவரில் மாட்டிய ரிசீவரும் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் கணக்கு 200 மீட்டர் காட்டும். வீட்டு மாடியில் 6 மீட்டரிலும் கொட்டகைக் கூரைமேல் 4 மீட்டரிலும் ஆன்டெனா வைத்தால் அதே கருவிகள் 650 மீட்டர் தரும். அந்த வேறுபாட்டைத் திறனால் மட்டும் ஈடுகட்ட வேண்டுமானால் 10 மில்லிவாட்டை 114 மடங்கு கூட்டி ஒரு வாட்டுக்கு மேல் கொண்டுபோக வேண்டும். அந்த அலைவரிசையில் அது சட்டத்துக்கும் ஒத்துவராது, பேட்டரியும் தாங்காது. இரண்டு பைப்புத் துண்டு அதைச் செய்துவிடுகிறது.

உயரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. மறுமுனை கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அலை ஒரு நூல் போலப் போவதில்லை. காஞ்சிபுரத்துத் தறியில் ஓடும் நாடாவைப் போல, இரு முனையும் கூர்ந்து நடுப்பகுதி பருத்த ஒரு வடிவம் அதற்கு வேண்டும். 400 மீட்டர் தூரத்துக்கு 866 மெகாஹெர்ட்ஸ் என்றால் நடுவில் அந்தப் பருமன், மையக்கோட்டிலிருந்து சுமார் 6 மீட்டர். அதில் பாதிக்கு மேலாவது, ஏறத்தாழ மூன்றரை மீட்டர், தடையில்லாமல் இருக்க வேண்டும். ஏரிக்கரைக்கு மேலாக மறுமுனை எட்டிப் பார்ப்பதுபோலத் தெரிந்தாலும் சிக்னல் விட்டுவிட்டு வருவது கரை அந்த நாடாவின் அடிப்பாதியை மறைப்பதால்தான். கரைமேலேயே ஒரு கம்பம் நட்டு, சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ஒரு ரிப்பீட்டரை நடுவில் வைப்பது அங்கே நல்ல வழி. நடுவழியில் நிற்கும் அந்தப் பெட்டிக்குச் சிறிய சோலார் தகடு போதும்.

இந்தப் பாடம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1990களில் சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெநெட் குழு கோர்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கியது. ஐரோப்பாவில் வீட்டுக்குள் கார்ட்லெஸ் போனுக்காக வகுத்த தரம்தான் அதன் அடிப்படை. உச்சத் திறன் 250 மில்லிவாட், கால் வாட். வீட்டுக்குள் சில பத்து மீட்டருக்கு என்று எழுதிய முறையை வைத்து கோர்டெக்ட் 10 கிலோமீட்டர் எடுத்தது. நடுவில் ரிலே நிலையம் வைத்தால் 25 கிலோமீட்டர். செய்த மாற்றத்தில் பெரும்பங்கு ஆன்டெனாவிலும் உயரத்திலும்: ஊரில் ஒரு கோபுரம், சந்தாதாரர் வீட்டுக் கூரையில் அந்தக் கோபுரத்தைப் பார்த்தபடி ஓர் ஆன்டெனா. மதுரை மாவட்டம் மேலூரில் 2001 முதல் சாரி திட்டத்தின் கீழ் கிராமத்து இணைய மையங்கள் ஓடியது இதில்தான். செல்போன் கோபுரம் ஊருக்கு ஊர் வந்த பிறகு கோர்டெக்ட் மறைந்துபோனது. நாம் அதை மறந்துபோனதுதான் வருத்தம். குறைந்த திறனை வைத்து ஒரு கிராமத்தை எப்படி எட்டுவது என்பதை நம் ஊரிலேயே செய்துகாட்டிய வேலை அது.

தேனி அரவிந்த் கண் மருத்துவமனை இன்னொரு பாடம் தருகிறது. 2000களின் நடுவில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு ஒன்று அந்த மருத்துவமனையைச் சுற்றுவட்டாரத்து விஷன் சென்டர்களுடன் சாதாரண வைஃபை கருவிகளால் இணைத்தது. நோயாளி தன் ஊர் மையத்தில் உட்கார்ந்தபடியே தேனியில் இருக்கும் மருத்துவரிடம் வீடியோவில் பேசினார். இணைப்புகள் பல கிலோமீட்டர் வரை நீண்டன. திசை பார்த்துக் குவிக்கும் ஆன்டெனாக்கள் திறன் சிக்கலைத் தீர்த்தன. ஆனால் முதலில் எதிர்பாராத இடத்தில் தடங்கல் வந்தது. வைஃபை ஒரு செய்தியை அனுப்பிவிட்டு "கிடைத்தது" என்ற பதிலுக்காகக் காத்திருக்கும். வீட்டுக்குள் புழங்குவதற்காகச் செய்த கருவி என்பதால் காத்திருக்கும் நேரம் மிகச் சிறியது. 15 கிலோமீட்டருக்கு அலை போய்வர 100 மைக்ரோவினாடி ஆகும். பதில் வந்து சேர்வதற்குள் கருவி பொறுமை இழந்து அதே செய்தியை மறுபடி அனுப்பும். குழு அந்த நெறியையே மாற்றி, இரு முனையும் முறைவைத்துப் பேசும்படி எழுதியது. இதே வைஃபையை வைத்து 2007-இல் வெனிசுலாவில் மலைக்கு மலை 382 கிலோமீட்டர் இணைத்துக் காட்டினார்கள்.

லோராவும் ஒரு வகையில் பொறுமையை நம்பும் முறைதான். ஏரிக்கு அந்தக் கரையில் மாடு மேய்ப்பவரைக் கூப்பிடுகிறவர் வேகமாகப் பேசமாட்டார். "ஓ...ய்" என்று நீட்டி ஒரே சொல்லை இழுப்பார். காற்றின் இரைச்சலுக்குள்ளும் அந்த நீட்டல் காதில் விழும். லோரா செய்வது அதுவே. வேகமான அமைப்பில் பத்து எழுத்துச் செய்தி 41 மில்லிவினாடியில் போய்விடும். மிக மெதுவான அமைப்பில் அதே செய்திக்கு ஒரு வினாடி. அந்த ஒரு வினாடிக்குக் கிடைக்கும் பலன் பெரிது: இரைச்சலைவிடத் தாழ்ந்த சிக்னலைக்கூட ரிசீவர் பிரித்தெடுக்கும். மோட்டாரைப் போடு, நிறுத்து, தொட்டி நிரம்பிவிட்டது என்று சொல்ல ஒரு வினாடி தாராளம். பாட்டோ படமோ அனுப்ப லோரா உதவாது.

ஆன்டெனாவுக்கு வருவோம். மாட்யூலோடு வரும் ஸ்பிரிங் போன்ற குட்டி ஆன்டெனாவை எடுத்துவிட்டு நேரான ஒயரைப் பற்றவைத்தாலே பலருக்கு வேறுபாடு தெரியும். 433 மெகாஹெர்ட்ஸுக்கு 17.3 சென்டிமீட்டர், 866-க்கு 8.7 சென்டிமீட்டர். அலைநீளத்தில் கால் பங்கு அது. ஸ்கேல் வைத்து அளந்து வெட்ட வேண்டும், கண்மதிப்பு வேண்டாம். ஒயர் நேராகச் செங்குத்தாக நிற்க வேண்டும். ஒரு முனை நின்றுகொண்டும் மறுமுனை படுத்துக்கொண்டும் இருந்தால் சிக்னலில் பெரும்பகுதி வீணாகும்.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. ரிசீவரைப் பத்திரமாக இருக்கட்டும் என்று ஸ்டார்ட்டர் இருக்கும் இரும்புப் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். இரும்புப் பெட்டி அலையை உள்ளே விடாது. கதவைத் திறந்து வைத்தால் எடுக்கிறது, மூடினால் எடுக்கவில்லை என்று வரும் புகாருக்கு வேறு காரணம் தேட வேண்டாம். தகரக் கூரைக்குக் கீழே தொங்கும் ஆன்டெனாவுக்கும் ஏறக்குறைய இதே கதி.

வெளியே எடுத்தால் நீளமான கேபிள் வேண்டுமே என்பது அடுத்த கேள்வி. ஆர்ஜி-58 கேபிள் 10 மீட்டர் இழுத்தால் 866 மெகாஹெர்ட்ஸில் பாதித் திறனுக்கு மேல் கேபிளே தின்றுவிடும். மெல்லிய கேபிள் என்றால் இன்னும் மோசம். உயரத்தால் வந்த லாபம் ஒயரில் போகக் கூடாது. ரிசீவர் பலகையையே மழை புகாத பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துக் கம்பத்தின் உச்சியில் கட்டிவிட்டு, கீழே ரிலேவுக்கு 12 வோல்ட் ஒயரை மட்டும் இறக்குவது நல்லது. அந்த ஒயரில் நீளம் ஒரு பொருட்டல்ல.

இரைச்சலையும் கவனிக்க வேண்டும். மோட்டார் ஓடாதபோது கட்டளை உடனே எடுத்து, ஓடும்போது "நிறுத்து" மட்டும் எடுக்காமல் போவது உண்டு. கான்டாக்டரின் தீப்பொறியும் மலிவான அடாப்டர் கிளப்பும் சத்தமும் ரிசீவரின் காதை அடைத்துவிடும். ரிசீவரை ஸ்டார்ட்டரிலிருந்து சில மீட்டர் தள்ளி வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

சட்டம் பற்றிச் சில வரிகள். இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை 2005 முதல் லைசன்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம். டிரான்ஸ்மிட்டர் திறன் ஒரு வாட் வரை, ஆன்டெனாவின் பலனையும் சேர்த்தால் 4 வாட் வரை. 2021-இல் இந்த எல்லையை 868 வரை நீட்டினார்கள். 433 முதல் 434 வரைக்கு 2012-இல் வந்த விலக்கு 10 மில்லிவாட்டுக்குத்தான், அதுவும் உள்ளரங்கப் பயன்பாட்டை மனதில் வைத்து வந்தது. ஆகவே கழனிக்கு 865-தான் சரியான தேர்வு, திறனுக்கும் அங்கேதான் இடம் இருக்கிறது. இணையத்தில் 915 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டு விற்கும் லோரா மாட்யூல் அமெரிக்காவுக்கானது. இங்கே அந்தப் பகுதி செல்போன்களுடையது, வாங்கக் கூடாது. 868 என்று போட்ட மாட்யூலை மென்பொருளில் 865-க்கு மாற்றிக்கொள்ளலாம். வாக்கி-டாக்கி வேண்டுவோருக்கு 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, அரை வாட்டுக்குள், 2018 விதிகளில் இடம் உண்டு. அதற்கு மேற்பட்ட கருவிகள் இணையத்தில் தாராளமாக விற்றதைப் பார்த்துத்தான் 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தனி நெறிமுறை வெளியிட்டது. பெட்டியில் மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவான டபிள்யூபிசியின் ஒப்புதல் எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும்.

கருவியைப் பொருத்தும் முன் நடந்து பார்க்க வேண்டும். இதற்கு இரண்டு பேரும் ஒரு காலைப் பொழுதும் தேவை. ரிலேவில் மோட்டாருக்குப் பதில் ஒரு பல்பை மாட்டி ஒருவர் அதை எடுத்துக்கொண்டு வரப்பில் நடக்கட்டும். இன்னொருவர் வீட்டில் நின்று பத்து வினாடிக்கு ஒரு முறை அழுத்தட்டும். ஐம்பது மீட்டருக்கு ஒரு தடவை நின்று, பத்து அழுத்தில் எத்தனை எடுத்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். கிணற்றோடு நின்றுவிடக் கூடாது, அதைத் தாண்டியும் போக வேண்டும். கிணறு 400 மீட்டரில் இருந்தால் 800 மீட்டர் வரை எடுக்கிறதா என்று பார்ப்பது நல்ல வழக்கம். இரட்டிப்புத் தூரத்தில் எடுக்கிறது என்றால் கிணற்றடியில் தேவைக்கு மேல் பதினாறு மடங்கு சிக்னல் கைவசம் இருக்கிறது. கரும்பு வளர்வதும் ஐப்பசி மழையில் இலையெல்லாம் நனைந்து நிற்பதும் அந்த இருப்பிலிருந்துதான் கழியும். அறுவடை முடிந்த வெறும் நிலத்தில் செய்த சோதனையை மட்டும் நம்பக் கூடாது. பயிர் உயர்ந்து நிற்கும்போது, ஒரு மழைக்குப் பிறகு, மறுபடி ஒருமுறை நடக்க வேண்டும்.

சிம் போடும் மொபைல் ஸ்டார்ட்டர் இருக்க இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. புனேயில் உருவான நானோ கணேஷ் 2009-இல் நோக்கியாவின் பரிசை வாங்கிய காலத்திலிருந்தே அந்த வழி நாடெங்கும் பரவியிருக்கிறது. சென்னையிலிருந்துகூட ஊர் மோட்டாரைப் போடலாம். கிணற்றடியில் டவர் நன்றாக எடுக்கும் இடத்தில், ரீசார்ஜை மறக்காதவருக்கு அது பொருத்தம். டவர் எடுக்காத பள்ளத்துக் கழனிக்கும் நான்கைந்து இடத்தில் தண்ணீர் மட்டம் பார்க்க வேண்டியவருக்கும் சொந்த ரேடியோதான் கைகொடுக்கும்.

மோட்டார் விஷயத்தில் ரேஞ்சின் எல்லையில் வேலை பார்ப்பது ஆபத்து. "போடு" எடுத்து "நிறுத்து" எடுக்காவிட்டால் கிணறு வற்றிய பிறகும் மோட்டார் சும்மா சுற்றிக் காயில் கருகும். ஆகவே ஒரு பக்கம் மட்டும் பேசும் ரிமோட்டை வாங்க வேண்டாம். கட்டளை போய்ச் சேர்ந்ததும் "மோட்டார் ஓடுகிறது" என்று திருப்பிச் சொல்லும் இருவழிக் கருவியே வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு வீட்டுப் பெட்டியின் குரல் கேட்காவிட்டால் ரிசீவரே மோட்டாரை நிறுத்தும்படி அமைக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்தும் ட்ரை ரன் பாதுகாப்பும் தனியாக இருக்கட்டும். த்ரீ ஃபேஸ் 415 வோல்ட் ஓடும் பெட்டியில் ரிலே ஒயரைக் கொடுப்பது எலக்ட்ரீஷியன் வேலை, மெயினை இறக்கிய பிறகுதான் கை வைக்க வேண்டும். ஆன்டெனாக் கம்பம் சாய்ந்து விழுந்தாலும் ஈபி லைனைத் தொடாத இடமாகப் பார்த்து நட வேண்டும். இடி இறங்கும் கோடை மழைக் காலத்தில் கம்பத்தின் அடியிலிருந்து ஒரு செம்புப் பட்டையை ஈர மண்ணுக்குள் இறக்கியிருக்க வேண்டும்.